ஸ்ட்ரெய்ட் அமைந்தும் தோற்ற ஆட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஒரு போக்கர் ஆட்டத்தை ஏழெட்டு முறையாவது தாளில் எழுதிப் பார்த்திருப்பேன். சிப்ஸ் போவதும் வருவதும் சகஜம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) எனக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமைந்தது, அந்த நிமிடத்தில் நான்தான் முன்னால் இருந்தேன், ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்) ஒரே ஒரு சீட்டு விழுந்ததும் எல்லாம் தலைகீழாகப் போனது, அப்படிப் போனது கண்ணெதிரே தெரிந்தும் மிச்சமிருந்த 560 சிப்ஸையும் நடுவில் தள்ளினேன். ஏன் தள்ளினேன், தள்ளியதன் விலை என்ன என்று சீட்டு சீட்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நோ லிமிட் டெக்ஸஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, அதுதான் போர்டு), ஆறு பேர், நண்பர்களுக்குள் வெறும் சிப்ஸ் வைத்து ஆடியது, பணம் கிடையாது. பிளைண்ட் (ஆட்டம் தொடங்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயத் தொகை) 5, 10. அந்த நேரத்தில் என் முன்னாலும் அவர் முன்னாலும் 1000 சிப்ஸ். நான் பட்டனில் இருந்தேன், கையில் ஹார்ட் 7, ஹார்ட் 6. எனக்கு இரண்டு இருக்கை முன்னால் இருந்தவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், நிதானமாக ஆடுகிறவர். அவர் 30 ரெய்ஸ் செய்தார் (தொகையை உயர்த்தினார்), நான் கால் செய்தேன் (அதே தொகையைப் போட்டேன்), மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்) 75.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): டைமண்ட் 9, ஸ்பேட் 8, கிளாவர் 2. அவர் 50 வைத்தார். நான் கால். பாட் 175.

டர்ன்: ஹார்ட் 10. என்னிடம் 6-7-8-9-10. அவர் 120 வைத்தார், நான் 360 ஆக ரெய்ஸ் செய்தேன், அவர் சற்று யோசித்துவிட்டுக் கால் செய்தார். பாட் 895.

ரிவர்: டைமண்ட் ராணி. அவர் மீதி 560ஐயும் வைத்து ஆல் இன். நான் அரை நிமிடம் தலையைச் சொறிந்துவிட்டுக் கால் செய்தேன். அவர் கையில் இரண்டு ஜாக்கி. 8-9-10-ஜாக்கி-ராணி. என்னுடையதைவிட இரண்டு படி மேலான ஸ்ட்ரெய்ட்.

ஸ்ட்ரெய்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால் பின்னால் வரும் கணக்கு எளிதாகப் புரியும். ஐந்து சீட்டு வரிசையாக இருந்தால் போதும், சின்னம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ரம்மியில் சீக்வென்ஸ் சேர்த்துப் பழகிய கை முதலில் இங்கேதான் தடுமாறும். ஏஸ் மேலேயும் வரலாம், கீழேயும் வரலாம்: 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் எல்லாவற்றிலும் பெரியது, ஏஸ்-2-3-4-5 எல்லாவற்றிலும் சிறியது. நடுவில் வைத்து ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றிக் கொண்டுவர முடியாது. ஆக மொத்தம் பத்தே பத்து வரிசைகள். ஒவ்வொன்றும் 1,020 விதமாக அமையும் (எல்லாம் ஒரே சின்னமாக வரும் 4 விதத்தைக் கழித்துவிட்டு), எனவே 10,200. ஐந்து சீட்டு எடுக்க மொத்தம் 25,98,960 வழிகள் இருப்பதால் சுமார் 255க்கு ஒன்று. ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 5,108 விதம்தான், அதனால்தான் அது ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலே நிற்கிறது. ஆனால் ஹோல்டமில் ஏழு சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அங்கே கடைசிவரை போனால் ஸ்ட்ரெய்ட்டில் முடிவது 4.62 சதவீதம். மூன்று ஒரே எண்ணில் முடிவது 4.83. இரண்டும் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில். அதாவது ஸ்ட்ரெய்ட் என்பது நாம் மனதில் வைத்திருக்கும் அளவுக்கு அபூர்வமான பொருள் இல்லை, நமக்கு வந்தால் எதிராளிக்கும் வரும்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது: 5 அல்லது 10 இல்லாமல் எந்த ஸ்ட்ரெய்ட்டும் அமையாது. பத்து வரிசைகளையும் எழுதிப் பாருங்கள், சின்ன ஐந்தில் 5 இருக்கும், பெரிய ஐந்தில் 10 இருக்கும். போர்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் ஸ்ட்ரெய்ட் வைத்திருப்பவர் கையிலேயே ஒன்றை வைத்திருக்க வேண்டும். போர்டைப் படிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

முதல் கால் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பட்டனில், கடைசியாகப் பேசும் இடத்தில், 7-6 ஒரே சின்னத்தில், இரண்டு பேரிடமும் நிறைய சிப்ஸ். ஃப்ளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் அமைய 3-4-5, 4-5-8, 5-8-9, 8-9-10 என்று நான்கு வழி, சேர்த்து 1.3 சதவீதம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்று வழியிலும் என் கைதான் உச்சம், நட்ஸ் என்பார்கள், மூன்று சீட்டும் ஒரே சின்னமாக விழாதவரை அந்த நேரத்தில் அதை மிஞ்ச எவரிடமும் எதுவும் இருக்க முடியாது. நான்காவதில் மட்டும் அப்படி இல்லை. 8-9-10 விழுந்தால் ராணி-ஜாக்கி வைத்திருப்பவரும் ஜாக்கி-7 வைத்திருப்பவரும் என்னைவிட மேலே. என் ஆட்டம் முழுவதும் இந்த நான்காவது வழியில்தான் போய் விழுந்தது.

ஃப்ளாப்பில் என்னிடம் 6-7-8-9, இரண்டு பக்கமும் திறந்தது. நான்கு 5, நான்கு 10, மொத்தம் எட்டு சீட்டு உதவும். நடுவில் ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால் நான்குதான் உதவும், அதனால் இரண்டு பக்கமும் திறந்த வரிசை கிடைத்தாலே மனம் துள்ளுகிறது. டர்னில் வர 47க்கு 8, அதாவது 17 சதவீதம். இரண்டு சீட்டும் பார்க்க முடிந்தால் 31.5. (மேஜையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு சீட்டுக்கு 2ஆலும் இரண்டு சீட்டுக்கு 4ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள், 16, 32 என்று பக்கத்தில் வந்துவிடும்.) ஆனால் இரண்டு சீட்டையும் 50க்கே பார்க்க யாரும் விடமாட்டார்கள், டர்னில் மறுபடி கேட்பார்கள், ஆகவே 17ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

50 போட்டு அப்போது பாட்டில் இருந்த 125க்குப் போட்டியிடுகிறேன். 39 தடவை தோற்று 8 தடவை வெல்கிற கணக்கில் நஷ்டமில்லாமல் இருக்க 50க்கு சுமார் 244 கிடைக்க வேண்டும். கையில் தெரிவது 125, பாக்கி 119 பின்னால் அவரிடமிருந்து வர வேண்டும். அவர் முன்னால் இன்னும் 920 இருக்கிறது, ஸ்ட்ரெய்ட் அமைந்தால் 119 வாங்குவது கஷ்டமில்லை. இப்படித்தான் அன்று நினைத்தேன், கால் செய்தேன்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டு சீட்டையும் ஒரே விலையில் எண்ணிவிட்டேன். 5 வந்தால் 5-6-7-8-9, போர்டு 9-8-2-5, என்னை மிஞ்ச எதுவும் இல்லை, தைரியமாக எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். 10 வந்தால் நான் வரிசையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சுத்தமான சீட்டு நான்குதான் என்று வைத்துக்கொண்டால் 50க்கு சுமார் 538 கிடைக்க வேண்டும், பின்னால் வர வேண்டியது 119இலிருந்து 413 ஆக உயர்கிறது. 10ஐ முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, பெரும்பாலான நேரம் அதுவும் ஜெயிக்கத்தான் செய்யும், ஆகவே உண்மை விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. ஃப்ளாப் கால் தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன், ஆனால் 10 வந்தால் எப்படி ஆடுவேன், 5 வந்தால் எப்படி ஆடுவேன் என்று தனித்தனியாக யோசிக்காமல் கால் செய்தேன், அது தப்பு.

டர்னுக்கு வருவோம், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஹார்ட் 10 விழுந்ததும் போர்டில் 10-9-8. அவர் 120 வைக்கிறார். அவரிடம் என்ன இருக்கலாம்? 8, 9, 10 இவற்றில் ஏதாவதொன்றில் செட் (கையில் ஜோடி, போர்டில் அதே எண் ஒன்று, ஆக மூன்று) என்றால் ஒவ்வொன்றும் 3 விதம், மொத்தம் 9. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஜோடி என்றால் தலா 6, மொத்தம் 24. என்னை அப்போதே மிஞ்சக்கூடியது ராணி-ஜாக்கி, 16 விதம், அதிலும் வேறுவேறு சின்னத்தில் வரும் 12ஐ அந்த மனிதர் அந்த இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்திருப்பாரா என்பது சந்தேகம். ஜாக்கி-7ஐ அவர் தொடவே மாட்டார். ஆக நான் பெரும்பாலும் முன்னால் இருக்கிறேன், பின்னால் இருப்பவர்களுக்குச் சும்மா சீட்டுக் காட்டக் கூடாது, ரெய்ஸ் செய்ய வேண்டும்.

360 என்ற தொகையும் சரியாகத்தான் இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன். அவர் இன்னும் 240 போட்டு 655க்குப் போட்டியிட வேண்டும், அதற்கு 26.8 சதவீதம் தேவை. செட் வைத்திருந்தால் என்னை மிஞ்ச போர்டு ஜோடியாகி ஃபுல் ஹவுஸோ (மூன்று ஒரு எண், இரண்டு இன்னொரு எண்) நான்கும் ஒரே எண்ணோ அமைய வேண்டும், இருவர் கையும் போர்டும் போக மிச்சம் 44 சீட்டில் 10, 22.7 சதவீதம். அவரிடம் நிஜமாகவே இருந்த ஜாக்கி ஜோடிக்கு நான்கு ராணியும் மூன்று 7உம்தான் உதவும் (நான்காவது 7 என் கையில்), 44க்கு 7, 15.9 சதவீதம். ஜாக்கி விழுந்தால் அவருக்கு செட் அமையும், ஆனால் எனக்கு 7-8-9-10-ஜாக்கி அமைந்துவிடும், அதனால் அது அவருக்கு உதவாது. இரண்டு கைக்குமே விலை கூடுதல். அங்கேயே எல்லாவற்றையும் தள்ளியிருக்கலாமே என்று ஆட்டம் முடிந்ததும் ஒரு நண்பர் கேட்டார். தள்ளியிருந்தால் ஜாக்கி ஜோடி ஓடிப்போயிருக்கும். 15.9 சதவீதத்தில் நிற்பவரைக் கூடுதல் விலை கொடுத்து இருக்க வைப்பதுதான் எனக்கு லாபம், அவர் இருந்தார், ஆகவே அந்த ரெய்ஸை மாற்ற மாட்டேன்.

மாற்ற வேண்டியது வேறு. ரெய்ஸ் செய்த கையோடு, ரிவரில் எந்தெந்தச் சீட்டு வந்தால் நிறுத்த வேண்டும் என்று ஒரு பட்டியல் மனதில் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போட்டேன், அதிர்ந்துபோனேன். எனக்குத் தெரியாத சீட்டு 46. ராணி 4, விழுந்தால் எந்த ஜாக்கியும் என்னை மிஞ்சும். 7 மிச்சம் 3, விழுந்தாலும் எந்த ஜாக்கியும் என்னை மிஞ்சும். ஜாக்கி 4, விழுந்தால் என் வரிசை ஒரு படி உயரும், ஆனால் எந்த ராணியும் என்னை மிஞ்சும். இது 11. போர்டு ஜோடியாகி யாருக்காவது ஃபுல் ஹவுஸ் அமையக்கூடிய சீட்டு 2, 8, 9, 10 ஒவ்வொன்றிலும் 3, ஆக 12. இரண்டும் சேர்ந்து 23. சரிபாதி. டர்னில் ஸ்ட்ரெய்ட்டைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்திக்கொண்டிருந்த எனக்கு, கட்டில் மிச்சமிருந்த சீட்டில் சரிபாதி தலைவலி என்பது தெரியவே இல்லை.

ஃப்ளஷ் ஆபத்து இந்த ஆட்டத்தில் இல்லை. நான்கு சின்னமும் டர்னில் ஒவ்வொன்றாக இருந்தது, ரிவரில் டைமண்ட் இரண்டு ஆனது, அவ்வளவுதான். மூன்று ஒரே சின்னத்தில் வந்திருந்தால் இந்தப் பட்டியல் இன்னும் நீளும்.

ரிவரில் ராணி. அவர் ஆல் இன். நான் 560 போட்டு 1455க்குப் போட்டியிட வேண்டும், 27.8 சதவீத நேரமாவது ஜெயிக்க வேண்டும். எந்தக் கையிடம் தோற்கிறேன்? ஜாக்கி ஜோடி 6 விதம். ஒரே சின்னத்தில் ராணி-ஜாக்கி, போர்டில் ஒரு ராணி போய்விட்டதால் 3. ஒரே சின்னத்தில் ஜாக்கி-10, அதேபோல 3. ஒரே சின்னத்தில் ராஜா-ஜாக்கி 4 (அது இன்னும் மேலே, 9இலிருந்து ராஜாவரை), ஏஸ்-ஜாக்கி 4. மொத்தம் 20. எந்தக் கையை ஜெயிக்கிறேன்? 8, 9, 10, ராணி செட்டுகள், தலா 3, மொத்தம் 12. ஏஸ், ராஜா ஜோடியை அவர் இந்தப் போர்டில் ஆல் இன் வைப்பார் என்று கனவுகூடக் காண முடியாது.

20க்கு எதிரே 12, அப்படியே வைத்தால் 37.5 சதவீதம், கால் செய்யலாம் போலத் தெரிகிறது. அரை நிமிடம் யோசித்தபோது என் மனதில் ஓடியது இந்த மாதிரி ஒரு அரைகுறைக் கணக்குதான், ‘செட் வைத்துக்கொண்டு தள்ளுகிறாரோ’ என்று. ஆனால் கேள்வி அவரிடம் செட் இருக்குமா என்பதல்ல, செட் இருந்தால் இந்த ராணிக்குப் பிறகு ஆல் இன் வைப்பாரா என்பதுதான். எனக்குத் தேவைப்பட்ட 27.8க்கு அந்த 12இல் குறைந்தது 8 விதத்தையாவது அவர் தள்ளியிருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அதே மேஜையில், போர்டில் 5-6-7-8 வரிசையாக வந்தபோது, 6 செட்டை வைத்துக்கொண்டு பேசாமல் செக் செய்து (எதுவும் வைக்காமல் விட்டு) சீட்டைத் திருப்பிக் காட்டியவர் அதே மனிதர். நான் பார்த்தேன். ‘நல்லா ஆடினீங்கண்ணே’ என்று சொல்லவும் செய்தேன். விடை என் கண் முன்னாலேயே வந்துபோயிருந்தது.

பிறகு ஏன் கால் செய்தேன்? ஏனென்றால் என்னிடம் ஸ்ட்ரெய்ட் இருந்தது. வேறு காரணம் இல்லை. டர்னில் அந்தக் கைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன், ரிவர் வந்த பிறகும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து சீட்டும் அதே ஐந்துதான், ஆனால் டர்னில் பெரும்பாலான கைகளுக்கு மேலே இருந்த அந்த ஸ்ட்ரெய்ட், ராணி விழுந்ததும் தனியாக ஒரு ஜாக்கி வைத்திருந்தாலே தோற்கிற கையாகிவிட்டது. ஜோடியோ செட்டோ வைத்திருந்தால் நான்கு சீட்டு கிட்டத்தட்ட வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தானாகப் பயந்திருப்பேன். ஸ்ட்ரெய்ட் வைத்திருந்ததால் பயம் வரவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று இருக்கிறது, தாளில் போட்ட பிறகுதான் தெரிந்தது. டர்னில் அவர் 240 கால் செய்தது அவருக்கு நஷ்டமான கால். ராணியோ 7ஓ வந்ததும் நான் ஒதுங்கியிருந்தால், 44இல் 7 தடவை அவருக்கு 655, 37 தடவை 240 போகும். 4,585 வரவு, 8,880 செலவு. ஒரு தடவைக்குச் சராசரியாக சுமார் 98 சிப்ஸ் எனக்கு லாபம். அந்த ஏழு தடவையும் நான் 560 சேர்த்துக் கொடுத்தால்? 7 தடவை 1,215, மொத்தம் 8,505. அவருக்கு நஷ்டம் ஒரு தடவைக்கு 8 அல்லது 9 சிப்ஸ்தான். கிட்டத்தட்ட சமம். டர்னில் நான் சரியாக ரெய்ஸ் செய்து சம்பாதித்த லாபம் முழுவதையும் ரிவர் காலில் நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய மோசமான காலுக்கு விலை கொடுத்தது ராணி இல்லை, நான்.

ஆட்டம் கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன். டர்னில் என்னிடம் செட் இருக்கும் என்று நினைத்தாராம், அதனால் ராணியோ 7ஓ வந்தால் மொத்தமும் கிடைக்கும் என்று இருந்தாராம். ‘ராணி வந்தப்புறம் நீங்க விட்டுடுவீங்கன்னுதான் பயந்தேன் தம்பி, 250 வைக்கலாமான்னு யோசிச்சேன்’ என்றார். அவர் 250 வைத்திருந்தால் எனக்குத் தேவை 250க்கு 1145, வெறும் 18 சதவீதம். அந்த 12 செட்டில் 5 விதத்தை அப்படிச் சின்னதாக வைப்பார் என்று தோன்றினாலே கால் செய்ய வேண்டியதுதான், சின்னத் தொகையைச் செட்டோடு வைப்பது அவருக்குக்கூட சாத்தியம். அதைக் கால் செய்து தோற்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

இன்னும் விடை கிடைக்காத ஒன்று ரிவரில் ஜாக்கி விழுந்திருந்தால் என்ன செய்வேன் என்பது. போர்டு 8-9-10-ஜாக்கி, எனக்கு 7-8-9-10-ஜாக்கி, என் கை ஒரு படி உயர்ந்திருக்கிறது, எந்த ராணியும் என்னை மிஞ்சுகிறது, ராணி ஜோடியும் ஏஸ்-ராணியும் ராஜா-ராணியும் அவர் ரெய்ஸ் செய்யக்கூடிய கைகள்தான், ஆனால் ஏஸ்-ராணி டர்னில் என் 360ஐக் கால் செய்திருக்குமா? ராணி ஜோடி கண்டிப்பாகச் செய்திருக்கும், 6 விதம். ஒரே சின்னத்து ராணி-ஜாக்கி 3. மேலே அவ்வளவுதான் என்றால், அதே ஆல் இன்னுக்கு அங்கே 4 செட் விதம் இருந்தாலே கால் சரியாகிவிடும். இன்று ஒரு விடை வருகிறது, நாளை உட்கார்ந்தால் வேறு வருகிறது.